பாளையத்து நாயா, பட்டி நாயா?

மதுரையை நடுவில் வைத்துச் சுமார் நூறு கிலோமீட்டருக்கு ஒரு வட்டம் போட்டால், தமிழ்நாட்டின் பெயர்பெற்ற நாட்டு நாய்களில் பெரும்பாலானவற்றின் சொந்த ஊர் அதற்குள்ளோ அதன் விளிம்பிலோ வந்துவிடும். மேற்கே, மலையடிவாரத்தில், கம்பம் பள்ளத்தாக்கின் கோம்பை. தென்மேற்கே ராஜபாளையம். தெற்கே கரிசல் காட்டில் சிப்பிப்பாறை. கிழக்கே இறங்கினால் இராமநாதபுரத்துச் சீமையின் மண்டை நாய். இவற்றைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே முதலில் வருவது பாளையக்காரர் கதைதான். பாளையக்காரர்கள் அரண்மனையில் வைத்து வளர்த்தார்கள், கோட்டை வாசலில் காவலுக்கு நிறுத்தினார்கள், கும்பினிப் படையின் குதிரைகளை அவை கடித்துக் குதறின என்று அந்தக் கதை போகும். குட்டி விற்பவர் சொல்வதும் இதைத்தான், மேடையில் பேசுபவர் சொல்வதும் இதைத்தான். முழுப் பொய் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் உழைத்தவன் பேர் ஓரிடம் இருக்க, பெருமை வேறிடம் போய்ச் சேர்ந்த கதை இது. இந்த நாய்களை நாய்களாக்கியது அரண்மனை முற்றம் அல்ல. ஆட்டுக்கிடையும் மாட்டுப்பட்டியும் கிணற்றுத் தோட்டமும்தான் என்பது இக்கட்டுரையின் வாதம்.

முதலில் பாளையத்துக் கதையையே எடுத்துக்கொள்வோம். 16ஆம் நூற்றாண்டில் மதுரை நாயக்கர் ஆட்சியில், விசுவநாத நாயக்கரும் தளவாய் அரியநாத முதலியாரும் நாட்டை 72 பாளையங்களாகப் பிரித்தார்கள் என்பது மரபு. பாளையக்காரருக்குப் படை திரட்டும் கடமையும் இருந்தது, ஊரையும் வழியையும் காக்கும் கடமையும் இருந்தது. கோம்பையும் ஒரு பாளையமே. காவல் தொழிலாக இருந்த இடத்தில் காவல் நாயும் இருந்திருக்கும் என்பதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. ஆனால் போர்க்களம் வேறு. கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட 1799இலும், மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்ட 1801இலும் நடந்தவை பீரங்கிக்கும் துப்பாக்கிக்கும் நீண்ட ஈட்டிக்கும் இடையே நடந்த சண்டைகள். இரவில் முள்வேலிக்கு வெளியே ஆள் நடமாட்டம் தெரிந்தால் குரைத்து எழுப்பும் வேலைக்கு அங்கே நாய் உதவியிருக்கும். குதிரைப்படையை நாய்ப்படை விரட்டியது என்பதோ பின்னால் ஊதிப் பெருக்கப்பட்ட வீரக்கதையாகவே தோன்றுகிறது. தவிர, போருக்கென்று ஒரு நாயினத்தை உருவாக்க வேண்டுமானால் தலைமுறை தலைமுறையாகப் போர் நடக்க வேண்டும். அறுவடைக்குப் பின் கிடை போடுவதோ ஒவ்வொரு வருடமும் நடந்தது.

அப்படியானால் 'போலிகர் நாய்' என்ற பெயர் ஆங்கில வேட்டை எழுத்துகளுக்குள் எப்படி வந்தது என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாளையங்கள் ஜமீன்களாயின. படை கலைக்கப்பட்டது, கோட்டைகள் இடிக்கப்பட்டன, காவல் உரிமையும் பறிபோனது. ஜமீன்தாருக்கு மிஞ்சிய பழைய பகட்டு வேட்டை ஒன்றுதான். மாவட்டத்துக்கு வந்த வெள்ளைக்கார அதிகாரியும் ஜமீன்தாரும் ஒன்றாய் உலவிய இடமும் வேட்டைக்காடே. அங்கே பார்த்த நாய்க்கு, பக்கத்தில் நின்ற எசமானின் பெயரையே வைத்து எழுதினார்கள். கோடை வெயிலில் தரிசு நிலத்தில் ஆடுகளோடு படுத்துக் கிடந்த நாயைத் துரை பார்த்திருக்க வாய்ப்புக் குறைவு. பார்த்திருந்தாலும் ஊர் நாய் என்றுதான் நினைத்திருப்பார். எழுதப்பட்டது எல்லாம் அரண்மனை வாசலில் நின்று எழுதப்பட்டது என்பதை மறந்துவிட்டு, அரண்மனைதான் நாயைப் படைத்தது என்று முடிவுகட்டுவது சரியான வரலாறு ஆகாது.

இனி கிடைக்கு வருவோம். மதுரைச் சமவெளியும் அதன் கிழக்கிலும் தெற்கிலும் விரியும் வானம் பார்த்த பூமியும் நெடுங்காலம் ஆட்டுப்புழுக்கையையும் மாட்டுச் சாணத்தையும் நம்பியே விளைந்தவை. தை, மாசியில் அறுப்பு முடிந்ததும் நிலம் வெறுமையாகும். கீதாரிகள் எனப்படும் கிடைக்காரர்கள் மந்தையை ஓட்டிக்கொண்டு வருவார்கள். நிலக்காரர் ஒருவரோடு பேசி முடித்து, இத்தனை ராத்திரி அவர் வயலில் கிடை போடுவது, அதற்கு இத்தனை நெல் அல்லது பணம் என்று ஒப்பந்தம் ஆகும். சாயங்காலம் மேய்ச்சலிலிருந்து திரும்பும் ஆடுகளை வயலின் ஒரு பகுதியில் மறித்துப் போடுவார்கள். சுற்றி வலையோ பட்டியோ இருக்கும், சில இடங்களில் வெறும் முள்தான். இளங்குட்டிகளைக் கவிழ்த்த மூங்கில் கூடைகளுக்குள் அடைத்து வைப்பார்கள். மறுநாள் பட்டி அடுத்த பாத்திக்கு நகரும். இப்படியே வயல் முழுவதும் உரம் ஏறும். சிவகங்கை, மதுரைப் பக்கத்துப் புலிக்குளம் மாடுகளும் இதே போலக் கிடை மாடுகளாக வளர்ந்தவைதான். இன்று வாடிவாசலில் சீறி வரும் காளைகள் பலவற்றின் தாய்ப்பசு தொழுவத்தில் கட்டுண்டு வளர்ந்ததல்ல, திறந்த வயலில் கூட்டத்தோடு படுத்தது. கரிசல் நாட்டுக் கிடையின் வாழ்வை கி. ராஜநாராயணன் 'கிடை' குறுநாவலிலும், கீதாரிகளின் வாழ்வை சு. தமிழ்ச்செல்வி 'கீதாரி' நாவலிலும் எழுதியிருக்கிறார்கள். விவரம் வேண்டுவோர் அங்கே போகலாம்.

இந்த ஏற்பாட்டில் நாய் எங்கே நிற்கிறது என்று சற்று நெருங்கிப் பார்த்தால்தான் அதன் குணம் புரியும். வயல் ஊருக்கு வெளியே இருக்கிறது. கதவில்லை, சுவரில்லை, விளக்கில்லை. சில நூறு ஆடுகளுக்கு இரண்டு மூன்று ஆட்கள். அவர்களும் பகலெல்லாம் வெயிலில் நடந்தவர்கள். நரி குட்டியைத் தூக்கும், ஆள் வந்தால் ஆட்டையே தூக்குவான். நாய் இங்கே செய்ய வேண்டிய வேலை துரத்துவது அல்ல. துரத்திக்கொண்டு அரை மைல் ஓடிவிட்ட நாயால் கிடைக்குக் கேடுதான். இந்தப் பக்கம் அது ஓட, அந்தப் பக்கம் இன்னொரு நரி புகும். நல்ல கிடை நாய் ஆட்டுக்கும் அந்நியனுக்கும் நடுவில் வந்து நின்று, கனத்த குரலில் குரைக்கும். நெருங்கினால் மட்டும் பாயும். கம்பங்கூழையும் கேப்பைக் களியையும் குடித்துவிட்டு அது உயிரோடு இருக்க வேண்டும், ஒரு பருவத்தில் பல ஊர் நடக்க வேண்டும், வெயிலையும் உண்ணியையும் தாங்க வேண்டும், ஆட்டுக்குட்டி மேலேறி மிதித்தாலும் பல்லைக் காட்டக் கூடாது. இத்தனைக்கும் தேறாத குட்டி அடுத்த வருடம் மந்தையோடு வராது. எந்தப் பந்தய நடுவரும் இவ்வளவு கறாராக நாயைக் கழித்ததில்லை.

திருட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். டபிள்யூ. பிரான்சிஸ் தொகுத்து 1906இல் வெளியான மதுரை மாவட்ட விவரச்சுவடி, ஊர்க் காவல் முறையையும் துப்புக்கூலியையும் விரிவாகப் பேசுகிறது. காவல் உரிமை பெற்ற குடும்பங்களுக்கு ஊர் ஆண்டுதோறும் கூலி கொடுக்கும். கொடுக்காத வீட்டு மாடு ஒருநாள் காணாமல் போகும். துப்புச் சொல்பவருக்கு ஒரு தொகை கொடுத்தால், இன்ன இடத்தில் மாடு நிற்கிறது என்று சேதி வரும். இதை ஆங்கில அரசு வெறும் கொள்ளை என்று பார்த்தது. பிறகு முழுச் சமூகங்களையே குற்றப்பரம்பரைச் சட்டத்துக்குள் அடைத்துப் பெருங்கொடுமை செய்தது. உள்ளபடி அந்த மாட்டுத் திருட்டு, பழைய காவல் ஏற்பாட்டை உடைத்துப் போட்டதன் விளைவு. நமக்கு வேண்டிய செய்தி வேறு. 1896இல் திண்டுக்கல் பக்கத்தில் இந்தக் காவலுக்கு எதிராக ஊர்கள் திரண்டு ஒரு 'பண்டு' ஏற்படுத்தின. உறுப்பினரின் மாடு களவு போனால் பொதுப் பணத்திலிருந்து ஈடு கட்டுவது என்பது திட்டம். அதை முன்னின்று தொடங்கியவராகச் சொல்லப்படும் அம்மையப்பக் கோன் ஆயர் குலத்தவர். கால்நடைதான் சொத்து, அதைக் காப்பதே இரவின் பெருங்கவலை என்று இருந்த மக்களிடமிருந்து அந்த இயக்கம் வந்தது தற்செயல் அல்ல. காவல் கூலிக்கு வழியில்லாதவனுக்கும், கொடுக்க மனமில்லாதவனுக்கும் மிஞ்சிய ஒரே காவல்காரன் நாய்தான். ஒரு பிடி களிக்கு மேல் அது கூலி கேட்காது, துப்பும் விற்காது.

இவ்வளவு சொல்லியும், இதற்கெல்லாம் எழுத்துச் சான்று எங்கே என்பார்கள். கீதாரி நாட்குறிப்பு எழுதவில்லை, உண்மைதான். பாளையக்காரர் நாய்ப்படைக்கு மட்டும் ஓலை இருக்கிறதா என்று பதிலுக்குக் கேட்டுவிட்டுப் போகலாம். ஆனால் அது குதர்க்கமாகிவிடும். கல்லிலேயே ஒரு சான்று இருக்கிறது. மதுரைக்கு வெகு வடக்கே, திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் கிடைத்த நடுகல், 7ஆம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. எருமைகளை மீட்கப் போராடி இறந்த கருந்தேவகத்தி என்பவனுக்காக எழுப்பியது. அவனுடைய நாயும் அதே கல்லில் பக்கத்தில் நிற்கிறது. அதற்குக் கோவிவன் என்று பெயர் இருந்ததும், கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் காத்து நின்றதும் எழுத்திலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. அதன் எசமான் மன்னனல்லன், தளபதியுமல்லன். காத்தது கோட்டையை அல்ல, எருமைகளை. தமிழ்நாட்டில் பெயரோடு கல்லில் ஏறிய நாய் ஒரு கால்நடைக் காவல் நாய் என்பது நம் வழக்குக்கு வலுவான சாட்சி. இடம் வேறு, காலம் வேறு என்பதால் இதை வைத்து மதுரைப் பக்கத்து நாய்களின் வம்சாவளியை நிறுவ முடியாது. எந்த வேலை நாய்க்கு மதிப்புத் தந்தது என்பதை மட்டும் நிறுவலாம். மதுரை வட்டாரத்திலோ அதே மதிப்புக்கு வேறு அடையாளம் உண்டு. ஊர் எல்லையிலும் வயல் ஓரத்திலும் நிற்கும் காவல் தெய்வமான கருப்பசாமிக்குத் துணையாக நாய் உருவம் வைத்த கோயில்கள் பல.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று நாயின் உடம்பிலேயே இருக்கிறது. சிப்பிப்பாறையைப் பாருங்கள்: ஒட்டிய வயிறு, ஆழ்ந்த மார்பு, நீண்ட கால், கூரிய முகம். முயலைக் கண்ணால் கண்டு ஓடிப் பிடிக்கப் பிறந்த உடம்பு அது. ராஜபாளையமும் அதே வார்ப்பில் கொஞ்சம் கனத்தது. இவை வேட்டை நாய்கள், கிடை நாய்கள் என்று எப்படிச் சொல்வது? நியாயமான கேள்வி. சிப்பிப்பாறையும் கன்னி என்னும் நாட்டு நாயும் முதன்மையாக வேட்டைக்கானவை என்பதை ஒப்புக்கொண்டே தீர வேண்டும். எல்லாவற்றையும் கிடைக்குள் அடைக்க நினைத்தால் வாதம் கெட்டுவிடும். ஆனால் வேட்டை என்றதும் ஜமீன் வேட்டையை மட்டும் நினைப்பது தவறு. கரிசல் காட்டுச் சம்சாரிக்கு முயல் குழம்புக்குக் கறி. பயிரை அழிக்கும் பன்றி அவனுக்குப் பகை. ஒரு வீட்டுக்கு ஒரு நாய்தான் கட்டுப்படி ஆகும். பகலில் முயலுக்குப் பின்னால் ஓடியதும் இரவில் களத்தைக் காத்ததும் அதே நாய்தான். கோம்பை இதற்கு நல்ல உதாரணம். செம்மண் நிற உடம்பு, கறுத்த மூஞ்சி, அகன்ற தாடை. ஓடத்தான் என்றும் சொல்ல முடியாத, படுத்துக் காக்கத்தான் என்றும் சொல்ல முடியாத கட்டு. ஒரு பக்கம் மலைக்காடு, மறுபக்கம் தோட்டம், நடுவில் மலைமாட்டுப் பட்டி என்ற ஊருக்கு அது கச்சிதமாகப் பொருந்துகிறது.

காவல் குணம் உடம்பின் வார்ப்பில் மட்டும் இல்லை என்பதற்கு அயல்நாட்டு ஆய்வும் துணை நிற்கிறது. அமெரிக்காவில் ரேமண்ட் காப்பிங்கரும் லோர்னா காப்பிங்கரும் 1970களின் பிற்பகுதியிலிருந்து ஐரோப்பிய, ஆசிய ஆட்டுக்காவல் நாய்களை வரவழைத்துப் பண்ணைகளில் விட்டு ஆராய்ந்தார்கள். அவர்கள் கண்ட முக்கியமான செய்தி: பிறந்து சில வாரங்களே ஆன குட்டியை ஆடுகளோடு விட்டு வளர்த்தால் அது ஆட்டைத் தன் கூட்டமாக ஏற்றுக்கொள்கிறது, அந்தப் பருவம் தவறிவிட்டால் பிறகு கற்றுக்கொடுப்பது கடினம். பரம்பரையும் வேண்டும், வளர்ப்பும் வேண்டும் என்பது இதன் சாரம். கிடையிலேயே ஈன்று கிடையிலேயே வளர்ந்த குட்டிக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. இனம் என்று நாம் இன்று சொல்வது, பதிவேடும் அளவுகோலும் வைத்துக் காக்கும் தூய்மை. அது 1873இல் லண்டனில் கென்னல் கிளப் தொடங்கிய காலத்து எண்ணம். மதுரைச் சீமையில் அதற்கு முன் இருந்தது ஊர் நாய்களின் வகைகள். வேலைக்கு ஏற்ப வார்ப்பும் வேறுபட்டது.

இங்கே ராஜபாளையத்தின் வெள்ளை நிறத்தைத் தனியாகப் பேச வேண்டும். அரண்மனைக் கதைக்கு ஆதரவான சான்று உண்மையிலேயே அங்கேதான் இருக்கிறது. பால் வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு, பொன்னிறக் கண் என்பதுதான் போற்றப்படும் ராஜபாளையம். கறுப்பும் பழுப்பும் புள்ளியுமாகக் குட்டிகள் பிறப்பது உண்டு. அவற்றைப் பிறந்த உடனே கழித்துக்கட்டும் வழக்கமும் இருந்தது. இதன் விலை என்ன தெரியுமா? நிறமி செல்கள் தோலுக்கு மட்டும் உரியவை அல்ல. உட்செவி வேலை செய்யவும் அவை வேண்டும். அவை இல்லாத குட்டிக்குப் பிறந்த சில வாரங்களில் காது போய்விடுகிறது. ராஜபாளையத்தில் செவிடு அடிக்கடி காணப்படும் குறை என்பது வளர்ப்போர் அறிந்ததே. காது கேளாத நாயைக் கிடையில் வைத்து எந்தக் கீதாரி என்ன செய்வான்? மதுரை வெயிலில் சிவந்த மூக்கோடு நாள் முழுக்க நிற்கும் நாயை அவன் தேர்ந்தெடுப்பானா? வெள்ளை என்பது வசதியான வீட்டின் ரசனை. ஐரோப்பாவிலும் துருக்கியிலும் ஆட்டுக்காவல் நாய்கள் வெள்ளையாக இருக்கின்றனவே, இத்தாலியின் மாரெம்மா, பிரான்ஸின் பிரெனீஸ், துருக்கியின் அக்பாஷ் எல்லாம் வெள்ளைதானே என்று மடக்கலாம். இருட்டில் ஓநாய்க்கும் நாய்க்கும் வித்தியாசம் தெரியட்டும் என்று இடையர்கள் அப்படித் தேர்ந்தார்கள் என்பார்கள். அந்த நாய்களின் முகத்தை உற்றுப் பாருங்கள்: மூக்கு கறுப்பு, கண்விளிம்பு கறுப்பு. ரோமம்தான் வெள்ளை, உடம்பில் நிறமி இருக்கிறது. இடையன் வெள்ளையைத் தேர்ந்தபோதும் காதை இழக்கவில்லை. நம் ஊரில் மூக்குவரை வெளுக்கச் செய்தவன் இடையனாக இருக்க முடியாது. ஆக, அரண்மனையும் பெரிய வீடும் நாய்க்குச் செய்த பங்களிப்பு என்று உறுதியாகச் சொல்லக்கூடியது இந்த நிறம்; அதன் கூடவே இந்தச் செவிடு.

பட்டி நாய் ஏன் மறைந்தது என்ற கேள்விக்கும் பாளையக்காரர் வீழ்ச்சியையே காரணம் காட்டுவார்கள். காலக் கணக்கு அதற்கு ஒத்துவரவில்லை. 1801க்குப் பிறகும் நூற்றைம்பது ஆண்டுகள் இந்த நாய்கள் ஊரெங்கும் இருந்தன. 1895இல் பெரியாறு அணைத் தண்ணீர் வைகையில் கலந்து மேலூர்ப் பக்கம் பாய்ந்தபோது, தரிசாகக் கிடக்கும் மாதங்கள் குறையத் தொடங்கின. பிறகு மின்சாரப் பம்புசெட்டு வந்து கிணற்றுப் பாசனம் பெருகியது. வயல் சும்மா கிடக்காதபோது கிடைக்கு இடம் ஏது? 1960களில் யூரியா மூட்டை வந்தபின் புழுக்கையின் மவுசு இறங்கியது. 1948இன் ஜமீன் ஒழிப்புச் சட்டத்தால் பெரிய வீட்டு நாய்க்கூட்டங்கள் கலைந்தன, 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் வேட்டை குற்றமானது. 2022இல் காட்டு மேய்ச்சலுக்கு எதிரான உயர் நீதிமன்ற ஆணை வந்து, பின்னர் அது புலிகள் காப்பகம், சரணாலயம் போன்றவற்றோடு நின்றது. இருந்தாலும் மேற்குமலை அடிவாரத்து மலைமாட்டுக் கிடைகள் முன்பே சுருங்கிவிட்டன. வேலை போனதால் நாய் போயிற்று. மிஞ்சிய நாய்கள் தென்னந்தோப்புக்கும் மாந்தோப்புக்கும் கோழிப்பண்ணைக்கும் நகர்ந்தன.

இன்றைய அக்கறை எல்லாம் இந்த முறிவுக்குப் பின் வந்தது. சைதாப்பேட்டையில் கால்நடைத் துறையின் நாய் இனப்பெருக்க நிலையம் 1980களின் தொடக்கத்தில் தொடங்கப்பட்டது. 2005இல் ராஜபாளையம் அஞ்சல்தலையில் ஏறியது. 2017 ஜல்லிக்கட்டுக் கிளர்ச்சியோடு நாட்டு மாட்டின் மேல் எழுந்த பாசம் நாட்டு நாயின் மேலும் கொஞ்சம் வழிந்தது. அதே ஆண்டில் சு. தியடோர் பாஸ்கரனின் இந்திய நாயினங்கள் பற்றிய ஆங்கில நூலும் வெளிவந்து, இந்தப் பேச்சுக்கு ஓர் அடித்தளம் போட்டது. கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வள மையம் ராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் முறைப்படி இனங்களாகப் பதிவு செய்திருக்கிறது. எல்லாம் வரவேற்க வேண்டியவையே. ஆனால் பதிவேடு அளப்பது உயரம், நிறம், மூக்கு, வால். இரவு முழுதும் விழித்திருக்கிறதா, ஆட்டுக்குட்டியைக் கண்டால் என்ன செய்கிறது, கூழ் குடித்துத் தாங்குமா என்பதை அளக்க அதில் கட்டம் இல்லை. கோம்பைக்கும் மண்டை நாய்க்கும் தேவையான கவனம் இன்னும் கிடைக்காததற்கு, அவற்றிடம் கண்ணைப் பறிக்கும் வெள்ளையோ ஒயிலோ இல்லாததும் ஒரு காரணம் என்றே சொல்வேன். இந்த இனங்களைக் காக்க நினைக்கும் துறையும் பல்கலைக்கழகமும் மிச்சமிருக்கும் கீதாரிகளிடமும் புலிக்குளம் மாட்டுக்காரர்களிடமும் போய், அவர்களோடு திரியும் நாய்களை முதலில் பதிவு செய்யட்டும். பந்தயக் கோப்பைக்கு வரும் நாய்களை அப்புறம் பார்க்கலாம்.

குட்டி வாங்கப் போகிறவருக்கும் ஒரு வார்த்தை. இவை பெரிய நாய்கள், அந்நியரை எளிதில் ஏற்காதவை, ஓட இடம் கேட்பவை. அடுக்குமாடி வீட்டுக்கு ஆசைப்பட்டு வாங்க வேண்டாம். தோட்டமோ பண்ணையோ இருப்பவர் வாங்கலாம். அப்போது வெள்ளைக் குட்டிதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். தாய் நாய் இரவில் எங்கே படுக்கிறது என்று கேளுங்கள். குட்டிக்குத் தெரியாமல் அதன் பின்னால் நின்று கை தட்டிப் பாருங்கள். திரும்பாத குட்டிக்கு இரண்டு காதும் கேட்காமல் இருக்கலாம். ஒரு காது மட்டும் செவிடான குட்டியைக் கைதட்டல் காட்டிக்கொடுக்காது; அதற்கு மின்முனைகள் பொருத்திச் செய்யும் செவிச் சோதனைதான் வழி.